முதல் காட்டுப் பாதைக்கு எங்கே போகலாம்? செஸ்நட், கெத்தாம், புக்கிட் தீமா: ஓட்டிப் பார்த்தவளின் கருத்து

பூங்கா இணைப்புப் பாதைகளில் நன்றாக சைக்கிள் ஓட்டுகிற ஒருவர், அடுத்துக் காட்டுக்குள் மண் பாதையில் ஓட்ட ஆசைப்பட்டால் சிங்கப்பூரில் எங்கே போவது? என்னிடம் நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஸ்நட் இயற்கைப் பூங்காவின் தெற்குச் சுற்றில் தொடங்குங்கள். அது கைக்கு வந்ததும் அதே பூங்காவின் வடக்குப் பகுதி. அப்புறம் புலாவ் உபின் தீவில் இருக்கும் கெத்தாம். புக்கிட் தீமா கடைசி.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர் தெரிந்த இடம் என்று நேராகப் புக்கிட் தீமாவுக்குப் போய், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று வண்டியை விற்றுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை. அவர்களுக்கு ஓட்ட வராமல் இல்லை. போன இடம்தான் சரியில்லை.

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. பொங்கோலிலிருந்து சாங்கி வரை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுவாள். காலில் பலம் உண்டு, மூச்சும் வாங்காது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பாதையைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஓட்டவே தெரியாதவர் பயந்து மெதுவாகப் போவார். ரோட்டில் வேகமாகப் போய்ப் பழகியவருக்குக் கால் தயாராக இருக்கும். கையும் கண்ணும் இன்னும் மண்ணுக்குப் பழகியிருக்காது.

அவளைச் செஸ்நட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். 81 ஹெக்டேர் பரப்பு, சிங்கப்பூரின் மிகப் பெரிய இயற்கைப் பூங்கா. தெற்குப் பகுதி 2016லும் வடக்குப் பகுதி 2017லும் திறந்தது. நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு வேறு பாதை என்று பிரித்தே அமைத்திருக்கிறார்கள். புதிதாக ஓட்டுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, வளைவைத் திரும்பியதும் எதிரே ஒரு குடும்பம் குழந்தையோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டு பாதைகளும் குறுக்கிடும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்து, நடப்பவருக்கு வழிவிட்டுப் போனால் போதும்.

தெற்கில் சைக்கிள் பாதை 1.6 கிலோமீட்டர்தான். "இவ்வளவு சின்னதா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சின்னதாக இருப்பதுதான் அதன் சிறப்பு. நடுவில் பயம் வந்து மிச்ச தூரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, திரும்பவும் உள்ளே போகலாம். இரண்டாவது சுற்றில் எந்த வளைவுக்குப் பிறகு இறக்கம் வரும் என்று தெரிந்திருக்கும். அதற்கடுத்த சுற்றில் பாதையைத் தேடுவதை விட்டுவிட்டு உடம்பைக் கவனிக்க ஆரம்பிப்பீர்கள். ஒரே சின்னப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைப் போல வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. பத்து கிலோமீட்டரை ஒரே தடவை தட்டுத்தடுமாறிக் கடந்தால் களைப்புதான் மிஞ்சும்.

அன்று அவள் தடுமாறியது ஒரே ஒரு இடத்தில். மரவேர்கள் பாதைக்குக் குறுக்கே கொஞ்சம் சாய்வாகக் கிடந்தன. டயர்கள் ஏறி ஏறித் தோல் உரிந்து, மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. முந்தின நாள் மழையின் ஈரம் இன்னும் காயவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே வந்தாள். முன்சக்கரம் ஏறிவிட்டது, பின்சக்கரம் வேர் போன போக்கிலேயே பக்கவாட்டில் வழுக்கியது. காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"சித்தி, பிரேக் பிடிச்சேனே, அப்புறமும் வழுக்குது?"

"பிடிச்சதாலதான் வழுக்குச்சு. வேருக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடு. வேர் மேல சக்கரம் இருக்கும்போது பிரேக்கைத் தொடாத. சீட்டை விட்டு எழுந்து, பெடல் ரெண்டையும் சமமா வெச்சுக்கோ. வேரை நேராக் குறுக்கே கடக்கணும், சாய்வா ஏறக்கூடாது."

வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் மறுபடி வந்தாள். இரண்டு முழங்கைகளும் மடிந்திருந்தன, கண் வேரைப் பார்க்காமல் அதற்கு அப்பால் இருந்த மண்ணைப் பார்த்தது. டக், டக் என்று இரண்டு சத்தம், தாண்டிவிட்டாள். தெற்குச் சுற்றில் வரும் சவால்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. நின்று, பார்த்து, திரும்ப முயலலாம். விழுந்தாலும் மண்ணில்தான் விழுவீர்கள்.

அங்கே ஒரு பம்ப் டிராக்கும் இருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் தொடர்ந்து வரும் ஒரு சின்ன ஓடுதளம். பெடலை மிதிக்காமல், மேட்டில் உடம்பை மேலே இழுத்து, பள்ளத்தில் கையாலும் காலாலும் வண்டியை அழுத்தியே சுற்றி வர வேண்டும். பெரியவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காட்டுக்குள் நுழையும் முன் கால் மணி நேரம் இதில் சுற்றினால், சீட்டில் உட்காராமல் ஓட்டும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வடக்குப் பகுதியில் சைக்கிள் பாதை 6.6 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் கூடுதல், வளைவுகளும் நெருக்கம். பாதையின் கடினத்தைவிட இங்கே களைப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காட்டுக்குள் காற்று அசையாது. கடைசிப் பகுதிக்கு வரும்போது கை சோர்ந்து, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். பூங்கா காலை 7 மணிக்குத் திறக்கிறது. வடக்குக்குப் போவதாக இருந்தால் அந்த நேரத்துக்கே போய்விடுங்கள்.

செஸ்நட்டில் எனக்கு இருக்கும் குறை, போய்ச் சேருவதுதான். எம்ஆர்டி நிலையத்தை விட்டு இறங்கியதும் கண்ணில் படுகிற இடம் அல்ல. ரயிலில் மடக்கு சைக்கிளைத்தான் ஏற்ற முடியும், முழு மவுண்டன் பைக்கை ஏற்ற முடியாது. புக்கிட் பாஞ்சாங் பக்கம் வசிப்பவர்கள் ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம். மற்றவர்கள் வாடகை சைக்கிள் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. இன்னொன்று, மரநிழல் அடர்த்தி. வெயிலுக்கு இதம்தான், ஆனால் மழைக்குப் பிறகு பாதை காய நேரமாகும்.

இனி நிறங்களைப் பற்றி. பலகைகளில் நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறியீடுகள் இருக்கும். பனிச்சறுக்குத் தளங்களிலிருந்து சைக்கிள் பாதைகளுக்கு வந்த வழக்கம் இது. நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம், இரட்டைக் கறுப்பு மிகக் கடினம். நீலம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே நீலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பூங்காவின் நீலத்தில் சரளைக்கல் இறக்கம் இருக்கும், இன்னொன்றில் வேர்கள் இருக்கும். பலகைக்கு மழையும் தெரியாது. ஈரமாக இருந்தால் நான் நீலத்தைக் கறுப்பாகவே எடுத்துக்கொள்வேன், புதியவரோடு போனால் அன்று பம்ப் டிராக்கோடு நிறுத்திக்கொள்வேன். ஈரமண்ணில் ஓட்டினால் டயர் தடம் பள்ளமாகி அடுத்த மழையில் பாதையே அரித்துப்போகும் என்பது இன்னொரு காரணம். பாதை மூடியிருக்கிறது என்று பலகை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள்.

கெத்தாம் மவுண்டன் பைக் பூங்காவை 2008ல் திறந்தார்கள். பழைய கருங்கல் குவாரி ஒன்றைச் சுற்றி அமைந்த இடம். உபின் கருங்கல்லுக்குப் பெரிய வரலாறே உண்டு. ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியது அந்தக் கல்லை வைத்துத்தான். தீவுக்குப் படகில்தான் போக வேண்டும்; சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளை ஏற்றத் தனிக் கட்டணம் உண்டு.

பாதையில் செஸ்நட்டைவிட வெளிச்சம் அதிகம், வெட்டவெளியும் அதிகம். தூரத்திலேயே அடுத்த வளைவு தெரிவதால் புதியவருக்குப் பதற்றம் குறையும். ஆனால் உருளும் சரளைக்கல் இறக்கங்கள் வேறு வகைத் திறமை கேட்கும்: முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வாரிவிடும். நீலக் குறியீட்டை விட்டு விலகாமல் போங்கள். பிரியும் இடங்களில் நின்று பலகையைப் படியுங்கள், முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்தொடராதீர்கள். அவர் இரட்டைக் கறுப்புக்குப் போகிறவராக இருக்கலாம்.

உபினில் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், தயவுசெய்து கடை வாசலிலேயே சோதியுங்கள். ஒருமுறை ஒரு கடையில் தோழிக்குக் கொடுத்த வண்டியில் பின்பிரேக்கை முழுக்க அழுத்தியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சொன்னதும் வேறு வண்டி தந்தார்கள், ஆனால் கேட்காவிட்டால் அதோடுதான் போயிருப்பாள். கூடை வைத்த வண்டிகள் தீவைச் சுற்றிப் பார்க்கத்தான் லாயக்கு, கெத்தாமுக்கு ஆகாது. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்க வேண்டும், டயர் பூவேலை தேயாமல் இருக்க வேண்டும். எந்தக் கைப்பிடி முன்பிரேக் என்பதையும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் வலது கைதான், ஆனாலும் மாற்றிப் பூட்டிய வண்டிகள் உண்டு.

புக்கிட் தீமாவை நான் குறை சொல்லவில்லை. எனக்கு இந்தத் தீவிலேயே பிடித்த பாதை அதுதான். இயற்கைக் காப்பகத்தைச் சுற்றி வரும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர், கிளம்பிய சற்று நேரத்தில் நகரம் மறந்துபோகும். ஆனால் அது கல் பாதை. கூர்மையான கற்கள் கொத்தாகக் கிடக்கும் இடங்களில் ஓரளவு வேகத்தோடு போனால்தான் வண்டி மிதந்து கடக்கும். புதியவரின் கை அங்கேதான் பிரேக்குக்குப் போகும். வேகம் செத்ததும் முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டும், உடம்பு மட்டும் முன்னால் போகும். பயத்தை மீறிப் பிரேக்கை விடக் கை பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் செஸ்நட்டின் வேர்களில் வரும், கெத்தாமின் சரளையில் வரும். வந்த பிறகு புக்கிட் தீமா போனால், அதை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று தெரியும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். முதல் வருஷத்துக்கு, முன்சக்கரத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் தாராளம். ரோட்டில் ஓட்டும்போது வைக்கிற காற்றோடு காட்டுக்குள் வராதீர்கள். கல்லாக இறுகிய டயர் வேரிலும் கல்லிலும் துள்ளும். டியூப் உள்ள அகல டயருக்கு, எழுபது கிலோ எடையுள்ளவருக்கு, 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அளவில் தொடங்கிப் பாருங்கள். ரொம்பவும் குறைத்தால் கல்லில் இடித்து டியூப் கிழியும். இறக்கத்துக்கு முன் சீட்டை இரண்டு மூன்று அங்குலம் இறக்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டோடு முழுவிரல் கையுறையும் வேண்டும், விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான்.

காட்டில் இருக்கும் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. ரொட்டியோ பழமோ எதுவானாலும் மூடிய முதுகுப்பைக்குள் இருக்கட்டும், வெளியே எடுக்க வேண்டாம். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அக்கா மகள் இப்போது வடக்குப் பகுதியை நிற்காமல் ஓட்டுகிறாள். அடுத்த பள்ளி விடுமுறையில் கெத்தாம் போகலாம் என்றிருக்கிறோம், வார நாளில். சனி, ஞாயிறு என்றால் படகுக்கும் கூட்டம், பாதையிலும் பின்னால் வருகிறவர் அவசரப்படுத்துவார். பின்னால் ஆள் நெருங்கினால் ஓரமாக நின்று வழிவிட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் போன பிறகு நம் வேகத்தில் நாம் போகலாம்.