விரட்டுவதா, வரவழைப்பதா: லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போகும் பூனைக்கு எது சரிப்படும்?

பூனை சோபாவில் மூத்திரம் போய்விட்டால் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: பினாயில் ஊற்றித் துடைப்பார்கள், மூலையில் நாலு பாச்சை உருண்டை போடுவார்கள், பூனையின் மூக்கை ஈரத்தில் தேய்த்து முதுகில் ஒரு அடியும் வைப்பார்கள், மறுநாள் அது கட்டில்மேல் போகும். இந்தப் பிரச்சினைக்குச் சொல்லப்படும் வழிகள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடலாம், பூனையை ஓர் இடத்திலிருந்து விரட்டுபவை, லிட்டர் பாக்ஸுக்கு வரவழைப்பவை. லிட்டர் பாக்ஸ் என்பது பூனை மூத்திரமும் மலமும் போக வீட்டுக்குள் வைக்கும் டப்பு, அதில் நிரப்பும் மணல் மாதிரியான பொருள்தான் லிட்டர். விரட்டுகிற வழிகளில் மூத்திரம் இடம் மாறும், நிற்காது. காசும் நேரமும் வரவழைக்கிற வழிகளுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. அவற்றுக்குள்ளும் எது முதலில், எது வீண் என்று பார்க்கலாம்.

எதையும் வாங்கும் முன்னால், பூனை எப்படிப் போகிறது என்று ஒரு தடவை நின்று கவனியுங்கள். குத்தவைத்து உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ நிறைய விட்டால் அது சாதாரணமாக மூத்திரம் போவது, இடம்தான் தப்பு. நின்றபடியே திரைச்சீலைக்கோ சுவருக்கோ பின்பக்கத்தைக் காட்டி, வாலை நேராகத் தூக்கி, வால் நுனி வெடவெடவென்று நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு கொஞ்சமாகப் பீய்ச்சி அடித்தால் அது ஸ்ப்ரே, தன் எல்லையைக் குறிக்கிறது. முதல் வகைக்கு லிட்டர், டப்பு, இடம் ஆகியவற்றில் விடை இருக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் அங்கே விடை கிடையாது.

டாக்டரா, நாலு நாள் பார்ப்பதா

இதில் ஒப்பிட எதுவும் இல்லை, முதலில் கால்நடை மருத்துவர்தான். இத்தனை நாள் ஒழுங்காகப் போன பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால், சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். வலிக்கும்போது பூனை வலியை லிட்டர் பாக்ஸோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அங்கே போனால் எரிகிறது, அதனால் வேறு இடம் தேடுகிறது. பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் அதிகம் காணப்படுவது, கிருமி எதுவும் இல்லாமலே மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை அழற்சி. புதுக் குழந்தை, வீட்டில் பெயின்ட் வேலை, வந்து தங்கிய விருந்தாளி எல்லாமே காரணமாகலாம். இதற்கு உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனியைக் கூட்டுவது நல்ல பலன் தரும், ஏனென்றால் உலர் தீனியில் தண்ணீர் பத்து சதவீதத்துக்குப் பக்கம்தான், ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டப்புக்குள் ஏறி, முக்கி முனகி, ஒரு சொட்டு இரண்டு சொட்டு விட்டு அல்லது எதுவுமே வராமல் இறங்கி, அடியில் நக்கிக்கொண்டே இருந்தால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். இது மலச்சிக்கல் மாதிரி தோன்றும், ஆனால் ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். ராத்திரி என்றாலும் காத்திருக்காதீர்கள், திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள். வலி தணியட்டும் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம்.

எந்த லிட்டர்

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் நான் முதலில் மாற்றச் சொல்வது லிட்டரைத்தான். பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. பொடிமணலைத் தோண்டிப் போய் மூடுவது அதன் சுபாவம். அதனால் காலுக்கு மெத்தென்று, பொடியாக, வாசனை எதுவும் சேர்க்காமல் இருப்பதுதான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கிறது. ஈரம் பட்டதும் கட்டியாகிவிடும் பென்டோனைட் களிமண் லிட்டர் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் முந்துகிறது. கட்டியை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டால் மிச்சம் சுத்தமாக இருக்கும். குறை என்றால் தூசி, கனம், அப்புறம் இதை டாய்லெட்டில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சோயாவில் செய்யும் டோஃபு லிட்டர் எடை குறைவு, தூசி குறைவு, உருண்டை உருண்டையாக இருப்பதால் வீடெல்லாம் சிதறாது. ஆனால் அந்த உருண்டையை மிதிக்கவே சில பூனைகளுக்குப் பிடிப்பதில்லை, கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சையும் பிடிக்கும். பைன் மரத்தூள் உருண்டை இன்னும் கரடுமுரடு. வேறு எதுவும் தெரியாத குட்டிக்குப் பழக்கலாம், மணலில் பழகிய பூனையிடம் வேலைக்கு ஆகாது. கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துப் போடுகிறவர்கள் உண்டு. பூனை சந்தோஷமாகப் போகும், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் மூத்திரம் அடியில் இறங்கித் தேங்குவதால் நாற்றத்தைத் தாங்க முடியாது, முழுசாக அடிக்கடி கொட்டி மாற்ற வேண்டும். மொட்டை மாடியோ தோட்டமோ இருக்கும் வீட்டுக்குச் சரி, அப்பார்ட்மென்டுக்குச் சரிப்படாது. லாவெண்டர் வாசனை போட்ட லிட்டர் நம் மூக்குக்காகச் செய்தது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

லிட்டர் பிடிக்கவில்லை என்பதைப் பூனையே காட்டிக்கொடுக்கும். டப்பின் விளிம்பில் இரண்டு காலை வைத்துச் சமாளித்து நிற்கும், போனபின் லிட்டரைத் தோண்டாமல் பக்கத்துச் சுவரையோ டப்பின் வெளிப்புறத்தையோ பிறாண்டும், காலை உதறிக்கொண்டு ஓடும். இரண்டு டப்பில் இரண்டு வகை போட்டு அருகருகே வைத்தால் ஒரு வாரத்தில் தன் விருப்பத்தைச் சொல்லிவிடும். பிடித்தது தெரிந்ததும் அதிலேயே நில்லுங்கள், ஆஃபரில் வருகிறது என்று மாதம் ஒரு பிராண்ட் மாற்றாதீர்கள். ஆழம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் போதும்.

மூடிய பாக்ஸா, திறந்த டப்பா

கடையில் மூடி, கதவு, கரி ஃபில்டர் எல்லாம் வைத்து விற்பது பார்க்க நன்றாக இருக்கிறது. மூடியதா திறந்ததா என்று பூனைகளிடமே சோதித்த ஓர் ஆய்வில் பெரும்பாலானவை எந்தப் பக்கமும் சாயவில்லை, சில இதையும் சில அதையும் தேர்ந்தெடுத்தன. ஆனால் அந்த ஆய்வில் இரண்டுமே பெரியவை, தினமும் சுத்தம் செய்யப்பட்டவை. வீட்டில் மூடி போட்டால் நாற்றம் உள்ளேயே தங்கும், நம் கண்ணில் படாததால் அள்ளுவதும் தள்ளிப்போகும், அப்புறம் அது ராத்திரி ரயிலின் கழிப்பறை மாதிரி ஆகிவிடுகிறது. பல பூனைகள் இருக்கும் வீட்டில் உள்ளே போன பூனையை வெளியே இன்னொன்று மடக்கி உட்கார்ந்துகொள்ளும் தொல்லை வேறு. திறந்தது நல்லது என்பதே என் முடிவு.

அளவு அதைவிட முக்கியம். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எவ்வளவு நீளமோ அதில் ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் கிடைக்கும் ட்ரேக்களில் பல, வளர்ந்த பூனைக்குச் சின்னவை. பாத்திரக் கடையில் துணி ஊறவைக்க விற்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பை வாங்கி ஒரு பக்கம் வாசல் மாதிரி வெட்டிவிட்டால் விலையும் குறைவு, இடமும் தாராளம். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மூட்டு வலி உள்ள வயதான பூனைக்கு அந்த வாசல் ரொம்பத் தாழ்வாக இருக்க வேண்டும்.

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக டப்பு வைக்கச் சொல்வார்கள். ஒரு பூனைக்கு இரண்டு டப்பு எதற்கு என்று தோன்றும், ஆனால் ஒன்றில் மூத்திரம் இன்னொன்றில் மலம் என்று பிரித்துக்கொள்ளும் பூனைகள் நிறைய. இரண்டையும் ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம், வேறு வேறு அறையில் வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்திலோ சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகிலோ வேண்டாம்.

துடைக்க: பினாயில், ப்ளீச், வினிகர், என்சைம்

பினாயில் கறுப்பானாலும் வெள்ளையானாலும் பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து காலை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீர் சேர்த்தால் பால் மாதிரி வெளுக்கும் டெட்டாலுக்கும் இதே கதைதான். ப்ளீச்சை மூத்திரத்தின்மேல் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். வினிகர் ஆபத்தில்லை, வாடையைக் கொஞ்ச நேரம் அமுக்கும், மூத்திரம் காய்ந்தபின் தங்கிவிடும் யூரிக் அமிலப் படிகங்களை ஒன்றும் செய்யாது. மழை நாளில் காற்றில் ஈரம் ஏறியதும், காய்ந்துபோன இடத்திலிருந்து மறுபடி நாற்றம் கிளம்புகிறதே, அந்தப் படிகங்கள்தான் காரணம். நமக்கே அடிக்கிறது என்றால் பூனைக்குச் சொல்லவே வேண்டாம், அந்த வாடையே அதைத் திரும்பக் கூப்பிடும்.

என்சைம் கிளீனர் ஒன்றுதான் அதை உடைக்கிறது. விலை அதிகம், ஆனால் பலர் மேலாகத் தெளித்து உடனே துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் நனைய வேண்டும், சில மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். கைக்கு எட்டும் மாற்று, என்சைம் உள்ள சலவைத்தூள் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்பது பங்கு. கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காயவிட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தைக்குள் இறங்கிவிட்டால் எதுவும் முழுசாகப் பலிக்காது, பிரச்சினை தீரும்வரை தண்ணீர் புகாத உறை போட்டு வையுங்கள்.

விரட்டும் சரக்குகள்

பாச்சை உருண்டை பூனைக்கு விஷம், கற்பூரமும் அப்படியே. இவற்றை வைக்கவே வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் சில பூனைகளை ஓரிரு நாள் தள்ளி நிறுத்தும். அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான், உங்கள் எதிரில் போகக் கூடாது என்பது. அப்புறம் பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்து போகும். இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, பூனை வழக்கமாகப் போன இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு அங்கேயே அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைப்பது. சாப்பிடும் இடத்தில் பூனை போக விரும்பாது.

ஸ்ப்ரே அடிக்கும் பூனைக்கு

இங்கே கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. கடுவன்களில் பத்தில் ஒன்பது நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், அதனால் மறுவாரமே பலனில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெட்டையும் ஸ்ப்ரே அடிக்கும், அதற்கும் இதுவே முதல் வழி.

கருத்தடைக்குப் பிறகும் தொடர்ந்தால் ஜன்னலைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் தினமும் ஒரு தெருக் கடுவன் வந்து உட்கார்ந்திருக்கும், உள்ளே இருப்பது அதற்குப் பதில் சொல்லும் விதமாகத் திரைச்சீலையில் அடிக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் வரும் தாள் ஒட்டினால் போதும். பூனையை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருளைக் காற்றில் பரப்பும், பிளக்கில் செருகும் ஃபெரமோன் டிஃப்யூசர் விலைக்கு ஏற்ற பலன் தருமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை, என் பட்டியலில் அது ஜன்னலுக்கும் பின்னால்தான். செலவில்லாத வழி, சுத்தமான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அடித்த இடத்தைக் கழுவிக் காயவைத்தபின் அங்கே தேய்ப்பது. தன் கன்ன வாசனை இருக்கும் இடத்தில் பல பூனைகள் அடிப்பதில்லை.

கடைசியாக மாத்திரை. மனிதருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின் ஸ்ப்ரேயை நன்றாகக் குறைக்கிறது, ஆனால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மனிதருக்கான மாத்திரையை நாமே உடைத்துக் கொடுப்பது ஆபத்து, நாமே திடீரென்று நிறுத்துவதும் கூடாது. மருந்தை நிறுத்தியபின் பழையபடி அடிக்கத் தொடங்கும் பூனைகள் உண்டு. அதனால் அது வேலை செய்துகொண்டிருக்கும் வாரங்களிலேயே ஜன்னலை மறைத்து, பழைய வாடையை என்சைமால் எடுத்து, இரண்டாவது டப்பையும் வைத்துவிடுங்கள்.