எலுமிச்சைச் சாறும் ஃபிளாப்பியும்: குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்த இரு பிழைகள்

தன் பிழையாலேயே பிடிபடும் குற்றவாளிகளில் சிலரை அறியாமை வீழ்த்துகிறது, சிலரைத் தற்பெருமை வீழ்த்துகிறது.

1995-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்த மெக்கார்தர் வீலர் முதல் வகை. எலுமிச்சைச் சாற்றால் எழுதிய எழுத்து சூடுபடும்வரை கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதை முகத்தில் பூசிக்கொண்டால் கேமராவிலும் பதியாது என்று நம்பி, முகமூடியின்றியே உள்ளே நுழைந்தார். காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் சிக்கினார்.

கான்சாஸ் மாநிலத்தில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடரோ அறியாமையால் மட்டும் சிக்கியவர் அல்லர். வழக்கு ஏறக்குறைய உறைந்துபோயிருந்த நிலையில், தன்னை உலகம் மறந்துவிடக் கூடாது என்ற ஆசையால் 2004-இல் மீண்டும் ஊடகங்களுக்கு எழுதத் தொடங்கினார். ஃபிளாப்பியில் (அக்காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்ட வட்டு) செய்தி அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று காவல்துறையிடமே கேட்டு, அச்சம் வேண்டாம் என்று நாளிதழ் விளம்பரம் வழியாக வந்த பதிலை நம்பி, 2005 பிப்ரவரியில் ஒன்றை அனுப்பியும் வைத்தார். அதில் அழிக்கப்பட்டிருந்த கோப்பின் விவரங்களில் ‘டென்னிஸ்’ என்ற பெயரும், அவர் பொறுப்பு வகித்த தேவாலயத்தின் பெயரும் எஞ்சியிருந்தன.

இருவரையும் ‘முட்டாள் திருடர்கள்’ வரிசையில் சேர்த்துச் சிரிப்பது, உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். வீலர் எப்படியும் அகப்பட்டிருப்பார். ரேடர் வாய்மூடி இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு விடையே கிடைக்காமல் போயிருக்கலாம்.