பழைய பத்மினி, ஃபியட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பெட்ரோல் ஃபில்டர் வேலையில் எனக்குப் போன 18,500 ரூபாய்

நேற்று மதியம் மதுராந்தகம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்பாவின் பிரீமியர் பத்மினி கார் நின்றுபோனது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே அம்மா. 71 வயது, முழங்கால் வலி, சட்டென்று இறங்க முடியாது. கைத்தாங்கலாக இறக்கி, தூரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திண்டிவனத்தில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதற்குத்தான் கிளம்பியிருந்தோம்.

இதே பெட்ரோல் லைன் வேலைக்கு மூன்று வாரம் முன்னால்தான் 18,500 ரூபாய் கொடுத்திருந்தேன்.

கொடுத்த இடம், பழைய கார்களை மட்டும் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் ஒரு வொர்க்‌ஷாப். சென்னைப் புறநகரில் இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

வண்டி 1984 மாடல், ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் கை கியர், 1089 சிசி. புக் பண்ணிவிட்டுக் காத்துக் கிடந்து அப்பா வாங்கியது. அவர் போன பிறகு இரண்டு வருஷம் ஷெட்டிலேயே நின்றது. மறுபடி எடுத்து ஓட்ட ஆரம்பித்ததும், பெட்ரோலை வடிகட்டும் ஃபில்டர் செங்கல் நிறத்துக்கு மாறியது. புதிது போட்டேன், பத்து நாளில் அதுவும் அப்படியே. ஃபில்டர் இப்படி அடிக்கடி சிவந்தால் டேங்க் உள்ளே துரு என்று அர்த்தம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. டேங்க்கில் பல வருஷமாகப் படிந்த கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவருகிறது, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் அரிக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான், தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று அங்கே போனேன்.

அந்த முதலாளி வண்டியைச் சுற்றி வந்தார். கதவை அவரே மெதுவாகச் சாத்திப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பார்த்துவிட்டு, "சோலெக்ஸ் கார்புரேட்டர் மாத்தாம வச்சிருக்கீங்க, அப்பா வண்டியா சார்?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது, என்னைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அட்வான்ஸ் எடுத்தபோது கையைத் தடுத்து, "வேண்டாம் சார், இது எங்க வீட்டு வண்டி மாதிரி" என்றார். இரண்டு சாவியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ. இறக்கிச் சுத்தம் செய்த டேங்க், உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறது. கூடவே பில். டேங்க் கிளீனிங், கோட்டிங் 9,500. பம்ப் ரீபில்ட் 3,800. எத்தனால் தாங்கும் ஹோஸ் 2,400. கண்ணாடி ஃபில்டர், 'இம்போர்ட்டட்', 2,800. மொத்தம் 18,500. அன்று சாயங்காலமே ஜிபேயில் முழுப் பணமும் போட்டேன்.

இனி அவனுக்கு 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை.

வண்டி வந்த மூன்றாம் நாளே பெட்ரோல் வாசம். போன் செய்தேன். "பழைய வண்டின்னா வாசம் வரத்தான் சார் செய்யும்." அடுத்த வாரம் வேறு கோளாறு. ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. அறுபதைத் தாண்டினால் திக்கித் திக்கி நிற்கிறது. பத்து நிமிஷம் விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் லைன் அடைத்தால் இப்படித்தான் இருக்கும், அதைச் சொன்னேன். "இ20 பெட்ரோல் சார், கவர்மென்ட்டைக் கேளுங்க" என்றான். இ20க்குத் தாங்கும் என்று சொல்லித்தானே ஹோஸுக்கு 2,400 வாங்கினாய்? கேட்டேன். "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் கூப்பிடுறேன்." கூப்பிடவில்லை. நேரில் போனால் முதலாளி இல்லை என்கிறார்கள். நான் அங்கே நிற்கும்போதே, அவன் வீடியோ போடும் பக்கத்தில் புதிது ஒன்று ஏறுகிறது. கடைசியாக வந்த பதில் ஒரே வரி: "வண்டிய கொண்டு வாங்க பாக்கலாம்." எப்போது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நேற்று ரோட்டோரத்தில் நின்றபோது லாரிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்து மதுராந்தகத்தில் ஒரு பெரியவரின் ஷெட்டில் விட்டார். நாற்பது வருஷமாக அம்பாசடரும் ஃபியட்டும் பார்ப்பவர். முதலில் அந்தக் கண்ணாடி ஃபில்டரைத் தொட்டார். இரண்டு பக்க மூடியும் விரலால் சுற்றினால் சுற்றுகிறது, வாஷர் உப்பிப் போயிருக்கிறது. சொட்டியது அங்கேதான். ஹோஸை நசுக்கினார், விரலெல்லாம் கருப்பு. கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் அதே கருப்புத் துணுக்கும் துருச் சேறும். பம்ப்பை ரீபில்ட் செய்யவில்லை, சில்வர் பெயிண்ட் அடித்திருக்கிறான். ஸ்க்ரூ பள்ளத்தில் பழைய கிரீஸ் அப்படியே இறுகிக் கிடக்கிறது, மேலே பெயிண்ட்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த டேங்க்கை யாரும் தொடவே இல்ல" என்றார். போல்ட்டெல்லாம் துருவோடு இறுகியிருக்கிறது. ஒரு பக்கத்து மண்ணைத் துடைத்துக் காட்டினார். அங்கே பித்தளை வைத்துப் பற்றவைத்த ஒட்டு. நான் ஸ்கூல் படிக்கும்போது டேங்க் ஒழுகி, அப்பா பக்கத்தில் நின்று போடவைத்த ஒட்டு அது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனை எடுத்து அவன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒட்டு இல்லை. யாருடைய டேங்க்கையோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். 18,500 ரூபாய்க்கு என் வண்டியில் புதிதாக ஏறியது, ஒழுகும் ஒரு கண்ணாடிக் குழாயும் சாதாரண ரப்பர் டியூபும். அம்மா உட்கார்ந்திருந்த வண்டியில்.

பழைய காருக்கு ஃபில்டர் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஃபில்டர் அழகாக இருக்கும், வாங்காதீர்கள். உள்ளே பேப்பர் மடிப்பு தெரியும் சாதாரண பிளாஸ்டிக் ஃபில்டர் போதும், பெரியவர் எனக்குப் போட்டது நூறு ரூபாய்க்குள். கார்புரேட்டர் வண்டிக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைய கார்களில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன்தான். இன்ஜெக்‌ஷன் கார் ஃபில்டர் இன்னும் நைசாக வடிகட்டும் என்று யாராவது தலையில் கட்டுவார்கள். அது அதிகப் பிரஷருக்குச் செய்தது, நம் பம்ப் தள்ளுவது மூன்று, நாலு பி.எஸ்.ஐ.தான். மேலே உள்ள அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கட்டும். எக்ஸாஸ்ட் சூடு படாத இடமாகக் கட்டச் சொல்லுங்கள். ஹோஸ் இ20க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், மேலே எழுத்தே இல்லாத ஹோஸை வாங்க வேண்டாம். டேங்க் இறக்கும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், போட்டோவை நம்பாதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள், நான் மூன்று வாரம் ஓட்டினேன்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்துவிட்டேன். பில், ஜிபே ரசீது, அந்த டேங்க் போட்டோ, நேற்று எடுத்த ஒட்டின் போட்டோ எல்லாம் கையில் இருக்கிறது. 18,500 ரூபாயும் திரும்ப வரும்வரை விடமாட்டேன். இதே மாதிரி டேங்க் போட்டோ வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.

பெரியவர் நாளைக்கு டேங்க்கை இறக்குகிறார். கூட நிற்கக் காலையிலேயே கிளம்புகிறேன்.