ஸ்வீடிஷ் படிக்க: டுவோலிங்கோவா, 'லேர்னிங் ஸ்வீடிஷ்' பாடமா?

வீட்டில் இருந்தபடியே, ஆசிரியர் இல்லாமல் ஸ்வீடிஷ் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலி. மற்றது, ஸ்வீடனின் அரசு அமைப்பான ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட் தரும் 'லேர்னிங் ஸ்வீடிஷ்' இணையப் பாடம். இரண்டையும் காசில்லாமல் படிக்கலாம். தமிழ் வழியில் இரண்டுமே இல்லை, ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. காரணம் ஸ்வீடிஷ் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது.

'யாக் ஏத்தெர் ஃபிஸ்க்' என்றால் நான் மீன் சாப்பிடுகிறேன். 'இன்று' என்பதை முன்னால் வைத்தால் 'இதாக் ஏத்தெர் யாக் ஃபிஸ்க்' என்று 'நான்' வினைக்குப் பின்னால் போய்விடும். சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு இதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். டுவோலிங்கோ வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். விதியைப் பெரும்பாலும் நாமேதான் ஊகிக்க வேண்டும். 'லேர்னிங் ஸ்வீடிஷ்' உரையாடலைக் கொடுத்து, அதிலுள்ள இலக்கணத்தைப் பிரித்துச் சொல்லி, அப்புறம்தான் பயிற்சிக்கு விடும்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். 'தக்' என்றால் நன்றி, 'தாக்' என்றால் கூரை. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. 'படம்', 'பாடம்' என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே நமக்கு உண்மையிலேயே ஒரு முன்தொடக்கம் இருக்கிறது. ஆனால் ஏழு என்ற எண்ணைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லின் முதல் ஒலியைத் தமிழில் எழுதவே முடியாது. உதடு குவிந்து, வாயின் பின்பக்கத்திலிருந்து வரும் காற்றொலி அது. டுவோலிங்கோவில் கேட்பது கணினிக் குரல். இந்த ஒலிக்கு மனிதர் பேசுவதைப் பலமுறை கேட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி.

அதற்காக டுவோலிங்கோவை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஸ்வீடிஷில் 'ஒரு' என்பதற்கு 'என்', 'எத்' என்று இரண்டு சொற்கள். பெயர்ச்சொற்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று 'என்' வகை, மற்றவை 'எத்' வகை. ஒரு புத்தகம் 'என் பூக்' (இந்த 'என்' நம் காதில் 'என்னுடைய' என்றே விழும்), ஒரு வீடு 'எத் ஹூஸ்'. குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது இந்த 'என்', 'எத்' பின்னொட்டாக மாறி 'பூக்கென்', 'ஹூசெத்' ஆகும். நம் வேற்றுமை உருபு போலக் கடைசியில் ஒட்டுவதால் இது சுலபமாகப் பிடிபடும். ஆனால் எது 'என்', எது 'எத்' என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பஸ்ஸில் போகும் பத்து நிமிடத்தில் அந்த வேலைக்கு டுவோலிங்கோவைவிடத் தோதானது இல்லை.

'லேர்னிங் ஸ்வீடிஷ்' ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளைத் தாண்டியதும் 'ஓத்தா சீதோர்' (8 Sidor) செய்தித் தளத்துக்குப் போங்கள். 1984இல் செய்தித்தாளாகத் தொடங்கிய இது எளிய ஸ்வீடிஷில் செய்தி தருகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒலியும் கேட்கலாம். அகராதி பார்க்காமல் ஒரு முழுச் செய்தி புரியும் நாள் அங்கேதான் வரும்.