அட்டாமிக் 4: பழைய பாய்மரப் படகின் பெட்ரோல் எஞ்சின், பினாங்கு உப்புத் தண்ணீரில்

பினாங்கில் பழைய அமெரிக்கப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்களா? படிக்கட்டைக் கழற்றினால் உள்ளே யுனிவர்சல் அட்டாமிக் 4 இருக்கலாம். விஸ்கான்சின் மாநிலம் ஒஷ்கோஷ் ஊர்க்காரர்கள் 1947 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை செய்த எஞ்சின். நான்கு சிலிண்டர், ஒரு லிட்டருக்குச் சற்றே மேல், பக்கவாட்டு வால்வு. 30 குதிரைசக்தி என்பது நிமிடத்துக்கு 3500 சுற்றில் வரும் கணக்கு. கியர் குறைப்பு இல்லாமல், எஞ்சின் வேகத்திலேயே விசிறியைச் சுற்றும் மாடலில் 2000 சுற்றுக்கு அருகேதான் நிற்கும், அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் இடையே எதிர் நீரோட்டத்தில் கிளம்பும் முன் இதைக் கணக்கில் வையுங்கள். மற்றபடி அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. அதே வயதுச் சின்ன டீசல் எதுவும் இவ்வளவு மிருதுவாக ஓடாது. அழுத்த விகிதம் குறைவு என்பதால் ரோன் 95 பெட்ரோல் தாராளம்.

இதைக் கொல்வது கடல்நீர்தான். பெரும்பாலானவற்றில் கடல்நீரே நேராக பிளாக்குக்குள் (எஞ்சினின் இரும்பு உடலுக்குள்) ஓடிக் குளிர்விக்கிறது. நம் கடலில் சேறு அதிகம், தண்ணீரும் சுமார் 30 பாகை செல்சியஸ். உப்பும் துருவும் சேறும் பிளாக்கின் பக்கத் தகடுக்குப் பின்னால் படிந்து வழியை அடைக்கும். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 60 பாகைக்குத்தான் இருக்க வேண்டும். கார் தெர்மோஸ்டாட் போட்டால் சூட்டில் உப்பு இன்னும் வேகமாகப் படியும். பக்கத் தகட்டைக் கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். போல்ட் ஒடியும், அவசரப்பட்டு முறுக்க வேண்டாம். தகடைச் சுற்றிய இரும்பு ஊறிப் பொடிந்திருந்தால் அந்தப் படகை வாங்காதீர்கள்.

அடுத்தது, ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொண்டே இருப்பது. பம்ப் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், வெளியே தள்ள எக்ஸாஸ்ட் புகை இருக்காது. மப்ளர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பும். சில நொடிகளில் பிடிக்கவில்லையென்றால் கடல்நீர் வால்வை மூடுங்கள், பிடித்த கணமே திறங்கள். தண்ணீர் புகுந்துவிட்டால் அன்றே பிளக்கைக் கழற்றிச் சுற்றி வெளியேற்றி, ஆயில் மாற்றி, ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஒரு இரவு விட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும். நல்ல சிலிண்டரில் கம்ப்ரெஷன் 85 முதல் 100 பி.எஸ்.ஐ.; ஒன்று மட்டும் சுழியமானால் பெரும்பாலும் ஒட்டிய வால்வுதான்.

கார் போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுக்கும்போது தீப்பொறி வரிசை 1-2-4-3 என்று எழுதிக் கொடுங்கள். பழக்கத்தில் 1-3-4-2 போட்டால் இருமும், ஓடாது. முதல் சிலிண்டர் ஃப்ளைவீல் பக்கம். பிளக் இடைவெளி 0.9 மில்லிமீட்டர். ஒரு மணி நேரம் ஓடி, தானே நின்று, ஆறியபின் மறுபடி பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை. எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். ஐந்து நிமிடம் ஆவியை வெளியேற்றும் ஊதியை ஓட்டி, குனிந்து மூக்கால் முகர்ந்துவிட்டுத்தான் சாவி திருப்ப வேண்டும். உதிரிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கார் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எதையும் இதில் பொருத்தவே கூடாது. படகுக்கென்று செய்ததில் தீப்பொறி வெளியே வராதபடி அடைப்பு உண்டு. கார் சாமானில் அது கிடையாது. வாங்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது இவ்விரண்டும் படகுக்கென்று செய்தவை என்று காட்டும் முத்திரையை.