கோடை ஆராய்ச்சி சீட்டு விலைக்கு வராது: பயோடெக் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் கவனத்துக்கு

ஈரோடு பக்கம் மூன்றாமாண்டு பயோடெக் படிக்கும் மாணவி ஒருத்தியின் வீட்டில், வெளிநாட்டுக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்கென்று மஞ்சள் விற்ற காசில் 1,10,000 ரூபாய் போயிருக்கிறது. கைக்கு வந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழக முத்திரை ஒட்டிய ஒரு பிடிஎஃப் மட்டும். வாங்கியது கோவையில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு கன்சல்டன்சி. “சீட்டு ரெண்டுதானுங்ணா மிச்சம். நாளைக்குன்னா போயிருமுங்க” என்று அவள் அப்பாவை அவசரப்படுத்தியே வாங்கிவிட்டார்கள்.

கன்சல்டன்சி கொடுத்த நோட்டீஸைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதில் போட்டிருந்த ரைஸ், டிஏஏடி என்ற ஜெர்மன் கல்வி அமைப்பின் கோடைப் பயிற்சி; அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கானது. அதே அமைப்பில் நம் பிள்ளைகளுக்கு இருப்பது வைஸ் என்ற திட்டம். அதற்கும் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் படிக்க வேண்டும், ஜெர்மன் பேராசிரியரின் அழைப்புக் கடிதத்தை மாணவரே வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்இயூ என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டம், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்கும்தான். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆராய்ச்சிப் பயிற்சி நமக்கும் உண்டு, 12 வாரம், விண்ணப்பிக்கக் காசு கிடையாது. ஆனால் அது செப்டம்பரிலேயே மூடிவிடும். இவர்கள் டிசம்பரில் அதற்கு ‘சீட்டு’ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிய பணத்தில் விண்ணப்பத்துக்கு 25,000, பெஞ்ச் ஃபீஸ் (லேபைப் பயன்படுத்தக் கட்டும் காசு) 45,000, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்யும் முறை) கட்டணம் 40,000. பெஞ்ச் ஃபீஸ் என்று ஒன்று இல்லாமல் இல்லை, சொந்தச் செலவில் வருகிறவர்களிடம் சில லேப்கள் வாங்குவதுண்டு. ஆனால் ஸ்டைபெண்டும் (உதவித்தொகை) தருவோம், பெஞ்ச் ஃபீஸும் கட்டுங்கள் என்றால் அது எந்த ஊர்க் கணக்கு?

செவிஸ் விஷயம் இன்னும் மோசம். இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் எடுக்கும் ஜே-1 விசாவுக்கு அது 220 டாலர், சுமார் 20,000 ரூபாய். மாணவரே அமெரிக்க அரசின் தளத்தில் கட்டலாம். கட்டுவதற்கு, அழைக்கும் பல்கலைக்கழகம் அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் கையில் இருக்க வேண்டும். அதில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 10 இலக்கங்கள் கொண்ட எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் கட்டணத்தை யாராலும் கட்ட முடியாது. இவளுக்கு வந்த கடிதத்தில் எண்ணும் இல்லை, படிவமும் இல்லை. “விசிட்டர் விசா எடுத்தாப் போதும்” என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

பணத்தை விடப் பெரிய சேதம் பரிந்துரைக் கடிதத்தில். நிஜத் திட்டங்கள் பெரும்பாலும் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு அனுப்பும், அவர்தான் பதிவேற்றுவார். ஏஜென்ட் அவள் பேராசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரி திறந்து, எல்லாருக்கும் அனுப்பும் அதே கடிதத்தைப் போட்டுவிட்டான். ஐரோப்பாவில் அவள் ஆசைப்பட்ட உண்மையான திட்டம் ஒன்றுக்கும் அதே கடிதம் போக, அவர்கள் கல்லூரி முகவரிக்கு எழுதிக் கேட்டார்கள். பேராசிரியர் “நான் எழுதவில்லை” என்றார். விண்ணப்பம் தள்ளுபடி.

இதே நிலையில் இருக்கிறவர்கள் முதலில் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பிறகு விண்ணப்பம் போன இடத்துக்கு உங்கள் கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே எழுதி, பரிந்துரை போலி என்று சொல்லி வாபஸ் வாங்குங்கள். விண்ணப்பத் தளத்தின் பாஸ்வேர்டு ஏஜென்ட் கையில் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். யூபிஐயில் அனுப்பியிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் பேச்சு, அந்த பிடிஎஃப் எதையும் அழிக்காதீர்கள். “பாதி திருப்பித் தர்றோமுங்க, கம்ப்ளைன்ட் வேண்டாம்” என்று போன் வந்தால் அந்தப் பேச்சையும் ரெக்கார்டு செய்து வையுங்கள்.