லேசிக் பண்ணி 17 வருஷம் ஆச்சு, இப்ப சாளேஸ்வரம் வந்துருச்சு

லேசிக்னா கண்ணாடி இல்லாம பாக்க கண்ணுல லேசர் வச்சு பண்ற ஆபரேஷன். 2008-ல பண்ணேன், அப்ப வயசு 27, ரெண்டு கண்ணும் மைனஸ் அஞ்சரை, கண்ணாடிய கழட்டுனா பஸ் நம்பர் என்ன பஸ்ஸே தெரியாது. லேசர் ஓடுனது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட இருக்காது, முடி கருகுற மாதிரி ஒரு வாடை, அது இன்னும் மூக்குல நிக்குது. மறுநாள் காலைல பழக்கதோஷத்துல தலைமாட்டுல கண்ணாடிய துழாவுறேன், அப்பதான் ஃபேன் றெக்கைல இருக்க தூசி தெரியுதேன்னு உறைச்சுது.

முதல் ஆறு மாசம் கண்ணு காஞ்சு மணல் விழுந்த மாதிரி உறுத்தும், சொட்டு மருந்தும் கையுமா அலைஞ்சேன். ராத்திரி எதிர்ல வர்ற வண்டி லைட்ட சுத்தி வளையம் தெரிஞ்சுது, போகப்போக கொறஞ்சுருச்சு. மத்தபடி ராஜ வாழ்க்கை.

42-ல ஆரம்பிச்சுது. மாத்திரை அட்டைல எக்ஸ்பைரி தேதி பாக்க கைய நீட்டுறேன் நீட்டுறேன், கை நீளம் பத்தல. லேசிக் புட்டுக்கிச்சுன்னு பதறிப்போய் செக் பண்ணா தூரத்துப் பார்வை ஜம்முனு இருக்கு. இதுதான் சாளேஸ்வரம், நம்ம பாட்டிங்க சொல்ற வெள்ளெழுத்து, அம்புட்டுதான். லேசர் செதுக்குனது கண்ணுக்கு முன்னாடி இருக்க கார்னியாங்கற மெல்லிசான படலத்த, வயசாக ஆக வெறைச்சுப் போறது உள்ள இருக்க லென்ஸு, அத யாரும் தொடவே இல்ல.

வயித்தெரிச்சல் எங்க அக்காவாலதான். மைனஸ் மூணு, பயந்துகிட்டு லேசிக் பண்ணிக்கல, இப்ப கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஊசில நூல் கோக்குறா. அந்த மைனஸே கிட்டத்துல படிக்க ஒத்தாசை, நான் காசு குடுத்து அத எடுத்துட்டேன். ஒரு கண்ணு தூரத்துக்கு ஒரு கண்ணு கிட்டத்துக்குன்னு மோனோவிஷன் சொன்னாங்க, கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் பாத்தேன், மாடிப்படில தடுமாறுனதோட சரி, ஆள விடுங்கன்னு பிளஸ் ஒன்னேகால் கண்ணாடி வாங்கிட்டேன்.

லேசிக் பண்ணவங்க கண் பிரஷர் பாக்குறப்ப அத சொல்லிருங்க, கார்னியா மெலிஞ்சதால மிஷின் கம்மியா காட்டும். பின்னாடி கண்புரை ஆபரேஷன்னு வந்தா உள்ள வைக்கிற லென்ஸ் பவர் கணக்குப் போடறதுக்கு ஆபரேஷனுக்கு முந்துன ரீடிங்கெல்லாம் இருந்தா நல்லது. நான் ஆஸ்பத்திரில போய் கேட்டா அவ்ளோ பழசு இல்ல மேடம்னுட்டாங்க. கடைசில அந்த ரீடிங் பேப்பர் அம்மா பீரோல பட்டுப்புடவைக்கு அடில கெடந்துச்சு, பொடிப்பொடியா நம்பர், ஒன்னும் தெரியல. அக்கா கண்ணாடிய தூக்கிட்டு கடகடன்னு படிச்சா.